சிறுநீர் பிரியவில்லை: பையோடு வீட்டுக்கா, கையோடு கதீட்டரா?

கர்ப்பப்பை இறக்கத்துக்குத் தையல் போட்ட பிறகோ, இருமினால் சிறுநீர் கசிவதற்கு ஸ்லிங் (சிறுநீர்ப் பாதையைத் தாங்கும் நாடா) வைத்த பிறகோ, சிறுநீர் சரியாகப் பிரியாமல் நிற்பது பலருக்கும் வருவதுதான். உள்வீக்கம், வலி, முதுகில் போட்ட மயக்க ஊசி, மார்ஃபின் வகை வலி மருந்து, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. பெரும்பாலும் சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ தானே சரியாகும்.

முதலில், தானாகப் பிரிகிறதா என்று சோதனை. அறுவையின்போது வைத்த கதீட்டரை (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) எடுத்துவிட்டு நீர்ப்பை தானாக நிறையக் காத்திருப்பது ஒரு வழி. அதே கதீட்டர் வழியாக 300 மி.லி. சலைனை (உப்புநீர்) மெல்ல ஏற்றி, எடுத்தவுடன் போகச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதே மேல். 200 மி.லி. வந்தால் தேறிவிட்டது, பதில் உடனே தெரியும். காத்திருக்கும்போது சொட்டுச் சொட்டாக வருவதை 'போகிறது' என்று எழுதிவிடுவதும் உண்டு. அது நிரம்பி வழிவதாக இருக்கலாம். நீர்ப்பை 600 மி.லி.யைத் தாண்டி விரிந்தே கிடந்தால் தசை தளர்ந்து, மீள்வது தள்ளிப்போகும்.

தேறவில்லையா? ஃபோலி கதீட்டரும் (உள்ளேயே தங்கும் குழாய்) பையுமாக வீட்டுக்குப் போகலாம். கற்றுக்கொள்ள அதிகமில்லை, இரவில் எழ வேண்டாம். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. பாதி நிறைந்ததுமே காலி செய்யுங்கள், கனத்தில் இழுக்கும். பக்கவாட்டில் கசிந்தால் பெரிய கதீட்டர் கேட்காதீர்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, மலச்சிக்கலா என்றே முதலில் பாருங்கள். குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி சேரும் வாய்ப்பு ஏறும். இரண்டு மூன்று நாள் வீக்கத்துக்கு இது போதும்.

ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கும் போலிருந்தால், தானே போட்டுக்கொள்ளும் முறைதான் என் கட்சி. 12 அல்லது 14 அளவுள்ள பிளெயின் கதீட்டர் (நீரை எடுத்ததும் வெளியே எடுத்துவிடும் சாதாரணக் குழாய்), கண்ணாடி, அளவுக்கோடு போட்ட குவளை. கையைச் சோப்பால் கழுவி, கீழே முன்னிருந்து பின்னாகத் துடைத்து, முதலில் தானாகப் போய்ப் பாருங்கள், பிறகு கதீட்டர். பெண்ணின் சிறுநீர்ப் பாதை சுமார் 4 செ.மீ.தான். நீர் வந்ததும் இன்னும் 2 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். யோனிக்குள் போய்விட்டால் அதை அப்படியே விட்டு, வேறொன்றை அதற்கு மேலேயுள்ள துளையில் போடுங்கள்; வழி தப்பாது. உள்ளே தையல் புதிது, எங்கும் அழுத்தித் தள்ளக் கூடாது.

4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. தானாகப் போனது, கதீட்டரில் வந்தது, இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். எடுப்பது 400 மி.லி.யைத் தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள். தானாகப் போன பிறகு கதீட்டரில் வரும் மிச்சம் தொடர்ந்து 150 மி.லி.க்குக் கீழே வந்தால் மருத்துவர் நிறுத்தச் சொல்வார். குனிய முடியாதவர், கை நடுங்குபவர், கண்ணாடியில் பார்க்கவே கூசுபவர் பையோடு இருப்பதில் தவறில்லை.

அடிவயிற்றில் துளையிட்டுக் குழாய் வைப்பது மூன்றாவது. அதை மூடிவைத்தே சோதனை செய்யலாம் என்பது வசதி. ஆனால் சில நாள் சிக்கலுக்கு இன்னொரு துளை அதிகம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, இரத்தக் கட்டி, பையில் சில மணி நேரமாக ஒன்றும் இறங்காதது: எந்த முறையானாலும் உடனே போக வேண்டியவை.

ஸ்லிங் வைத்தவர் கணக்கு வேறு. நாடா இறுகியிருந்தால் வீக்கம் வடிந்தும் பயனில்லை. முதல் ஓரிரு வாரத்துக்குள் அதைக் கீழே இழுத்துத் தளர்த்திவிடலாம். சதை பிடித்துக்கொண்டபின் வெட்டத்தான் வேண்டும். கொஞ்சமும் போகவில்லையென்றால், வைத்தவரிடமே அந்த வாரத்திலேயே காட்டுங்கள்.