போட்டதும் கழற்றியதும்: மாற்றியமைத்த ஹாட் ஹேட்ச்சோடு மூன்று வருடம்

வீட்டு மூலையில் மூன்று அட்டைப்பெட்டிகள் கிடக்கின்றன. மூன்று வருடத்துக்கு முன்னால் அவற்றில் வண்டியோடு வந்த ஒரிஜினல் பாகங்கள் இருந்தன: ஏர் ஃபில்டர் பெட்டி, எக்ஸாஸ்ட் குழாய், சக்கரங்கள், பிரேக் பேட். இன்று அதே பெட்டிகளில் இருப்பவை நான் ஆசை ஆசையாக வாங்கிப் போட்ட பாகங்கள். ஒரிஜினல்களில் பாதிக்கு மேல் வண்டிக்கே திரும்பிவிட்டன. இந்த விமர்சனத்தை எழுத எனக்கு இருக்கும் தகுதி அந்தப் பெட்டிகள்தான்.

வண்டி ஒரு ஹாட் ஹேட்ச், அதாவது பின்கதவு மேலே திறக்கும் சாதாரணக் குடும்பக் காரில் வேகமான இன்ஜினை வைத்த ரகம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், முன் சக்கர இயக்கம், ஆறு கியர் மேனுவல், ஐந்து கதவு. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி நானே காசு கொடுத்து வாங்கியவை, அதற்கு வண்டி செய்தவர்களை இழுப்பது நியாயமில்லை. கம்பெனியிலிருந்து வெளியே வரும்போது 220 குதிரைசக்தி, 350 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). என் கைக்கு வந்தபோது 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 92,000. அந்த 54,000 கிலோமீட்டரும் வேலைக்குப் போக, சாமான் வாங்க, அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக, மழையிலும் நெரிசலிலும் நிற்க என்று போனவைதான். வீட்டில் வேறு கார் கிடையாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'தினமும் ஓட்ட முடியுமா' என்பது ஹாட் ஹேட்ச்சைப் பற்றிக் கேட்கும் கூடுதல் கேள்வி இல்லை, அந்த ரகமே அதற்காகத்தான் பிறந்தது. ஃபோக்ஸ்வாகன் 1975இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் கோல்ஃப் ஜிடிஐயைக் காட்டியது. அடுத்த வருடம் விற்பனைக்கு வந்தபோது அதில் இருந்தது 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைசக்தி. எடையோ 800 கிலோ சொச்சம்தான். 5,000 வண்டி விற்றால் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள், நடந்தது வேறு. பிறகு 1984இல் பெஜோ 205 ஜிடிஐ வந்தது. இவை எல்லாவற்றிலும் யோசனை ஒன்றுதான்: வாரநாளில் குழந்தையைப் பள்ளியில் விடும் அதே வண்டி, விடுமுறை நாளில் மலைப்பாதையில் சிரிக்க வைக்க வேண்டும். இன்றைய வண்டிகள் 1,400 கிலோவை ஒட்டி நிற்கின்றன, சக்தியும் இரண்டு மூன்று மடங்கு. ஆனாலும் கணக்கு அதேதான். அந்தச் சமநிலையைப் பிடிக்க கம்பெனிக்காரர்கள் வருடக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் ஒரு சனிக்கிழமை மதியம் ஸ்பேனரோடு போய் அதைக் கலைக்கிறோம். சின்னப் போர்வை மாதிரி, தலைக்கு இழுத்தால் காலுக்கு இல்லை.

முதலில் செய்தது ரீமேப். அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியூவின் மென்பொருளை மாற்றி டர்போவின் அழுத்தத்தையும் இக்னிஷன் டைமிங்கையும் (ஸ்பார்க் விழும் நேரம்) ஏற்றுவது. 290 குதிரைசக்தி, 420 நியூட்டன் மீட்டருக்குப் பக்கம் என்று செய்தவர் சொன்னார். எண்களை விடுங்கள், தினசரி ஓட்டத்தில் தெரிந்தது வேறு. நாலாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் லாரியைத் தாண்ட இப்போது கியரை இறக்கவே வேண்டாம். கால் அடக்கமாக இருந்தால் மைலேஜிலும் பெரிய மாற்றம் இல்லை. (கால் அடக்கமாக இருப்பது முதல் மூன்று மாதம் நடக்காது, அந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள்.) மூன்று வருடத்தில் ஒருமுறைகூட 'இதைத் திருப்பிவிடலாமா' என்று தோன்றாத ஒரே பெரிய மாற்றம் இதுதான்.

ஆனால் ரீமேப் தனியாக வராது, சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரும். 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப் என்பதால் ஒரு தடவை வேறு வழியில்லாமல் 95 போட்டபோது, நாக்கிங்கை (கலவை தாறுமாறாகப் பற்றி இன்ஜின் தட்டுவது) கண்டுபிடித்த இசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது, அந்த டேங்க் தீரும்வரை வண்டி காய்ச்சல் வந்த பிள்ளை மாதிரி இருந்தது. அப்புறம் உயர்ந்த கியரில் 1,500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிப்பது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில் குறைந்த சுற்றில் அதிக பளு விழும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே கலவை பற்றிக்கொள்ளும் வியாதி ஒன்று உண்டு, பிஸ்டனையே உடைத்துவிடக்கூடியது. இதற்காகவே ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு எஸ்என் பிளஸ், பிறகு 2020இல் எஸ்பி என்று ஆயில் தரம் புதிதாக வகுத்தது. நான் எஸ்பி ஆயில்தான் ஊற்றுகிறேன், 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று கையேட்டில் இருந்தாலும் 8,000இல் மாற்றிவிடுகிறேன்.

ரீமேப்பின் நிஜமான பில் ஐந்தாவது மாதம் வந்தது. நாலாவது கியரில் மிதித்தேன், ஆர்பிஎம் முள் ஏறியது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. 350க்குச் செய்த கிளட்ச் 420ஐ எத்தனை நாள் தாங்கும்? நானும் வீராப்பாக பந்தய வண்டிகளில் போடும் ரக கிளட்ச்சையும் ஒற்றை எடை ஃப்ளைவீலையும் (இன்ஜினோடு சுழலும் கனமான தட்டு) போட்டேன். அன்றிலிருந்து நெரிசலில் இடது கால் படியேறிய கால் மாதிரி நடுங்கியது. நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸுக்குள் யாரோ கூழாங்கல்லைக் குலுக்குவது போல ஒரு கடகட. ஒரிஜினல் இரட்டை எடை ஃப்ளைவீல் இன்ஜின் அதிர்வை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளில் விழுங்கிக்கொள்ளும், ஒற்றை எடையில் அந்த வேலையைச் செய்ய யாருமில்லை. எட்டு மாதம் பொறுத்தேன். பிறகு இரட்டை எடை ஃப்ளைவீலுக்கே திரும்பி, கிளட்ச்சை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை மட்டும் அழுத்தம் கொஞ்சம் கூடுதலானதாகப் போட்டு நிறுத்திக்கொண்டேன். கிளட்ச் வேலை என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டு முறை இறக்கினேன். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று மெக்கானிக் சொல்லவில்லை, பார்வையிலேயே தெரிந்தது.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஆயில் சூடாகாமல் டர்போ இன்ஜினை விரட்டக் கூடாது என்பது தெரிந்ததுதான். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முள் நடுவுக்கு வந்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன், ஆயில் வெப்பநிலையைக் காட்டும் மீட்டர் வைத்த பிறகுதான் ஆயில் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்று புரிந்தது. வேலைக்குப் போகும் தூரம் 11 கிலோமீட்டர். ஆயில் 80 டிகிரியைத் தொடுவது ஒன்பதாவது கிலோமீட்டரில். மிச்சம் இரண்டு கிலோமீட்டரும் சிக்னல் வரிசை. ஆக, 290 குதிரையையும் லாயத்தில் கட்டிவைத்தே தினமும் போய் வருகிறேன்.

எக்ஸாஸ்ட் கதை எல்லோருக்கும் நடப்பதுதான். கடைக்காரர் வண்டியை நிறுத்தி வைத்து உறுமவிட்டுக் காட்டினார், புல்லரித்தது. வாங்கினேன். அவர் காட்டாதது 100 கிலோமீட்டர் வேகத்தில் ஆறாவது கியரில் சீராகப் போகும்போது வரும் சத்தம். என் வண்டி அப்போது 2,400 ஆர்பிஎம்மில் ஓடும். நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, அப்படியென்றால் நொடிக்கு 80. அந்த 80 ஹெர்ட்ஸும் கூரையும் பின்பக்கத் தகடும் சேர்ந்து அதிரத் தோதான அலைவரிசையாக அமைந்துவிட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, காதுக்குள் விரலை வைத்து யாரோ அமுக்குவது போன்ற ஒரு ம்ம்ம்ம். இரண்டு மணி நேரப் பயணம் முடிந்து இறங்கினால் தலைவலி. பக்கவாட்டில் முனை அடைத்த ஒரு கிளைக்குழாயை வெல்டிங் வைத்து அந்தக் குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் கொல்லலாம். அதையும் செய்து பார்த்தேன், பாதி குறைந்தது. மீதிப் பாதிக்காக ஒரிஜினல் குழாய் திரும்பி வந்தது. புகையிலிருக்கும் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மட்டும் நான் தொடவே இல்லை. அதை எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம், புகைப் பரிசோதனையில் தேறாது, தவிர சிக்னலில் கண்ணாடியை இறக்கினால் வரும் பெட்ரோல் நாற்றத்தை நண்பர் ஒருவரின் வண்டியில் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறேன்.

திறந்த கூம்பு ஏர் ஃபில்டர்? சத்தம் அருமை. ஆனால் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சுகிறது, கம்பெனி கொடுத்த பெட்டியோ வெளிக்காற்றை எடுக்கிறது. இரண்டு வாரத்தில் பெட்டிக்குள் போய்விட்டது. இதற்கு நேர்மாறு இன்டர்கூலர், அதாவது டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை இன்ஜினுக்குள் போகுமுன் குளிர்விப்பது. பெரிதாகப் போட்டதை யாரும் பார்க்க மாட்டார்கள், சத்தமும் வராது, வெயிலில் நெரிசலைத் தாண்டி வந்ததும் வண்டி மூச்சு வாங்காமல் இழுக்கும். ரீமேப் செய்பவர்கள் அதோடு சேர்த்தே இதையும் போட்டுவிடுங்கள்.

இனி சஸ்பென்ஷன். உண்மையில் வண்டியை நாசமாக்கியதும் பிறகு காப்பாற்றியதும் இதுதான். இன்ஜின் சக்தியை ஒரு நாளைக்கு சில நொடிகள்தான் பயன்படுத்துகிறோம், சஸ்பென்ஷன் மேல் வண்டி ஓடும் நேரமெல்லாம் உட்கார்ந்திருக்கிறோம். இந்தச் சின்ன உண்மை எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆனது. காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் ஜோடி) போட்டு வண்டியை 40 மில்லிமீட்டர் இறக்கினேன். 225/40 ஆர்18 டயரை எடுத்துவிட்டு 235/35 ஆர்19. கணக்குப் போட்டால் டயரின் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டரிலிருந்து 82ஆகக் குறைந்தது, எட்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் குழிக்கும் ரிம்முக்கும் நடுவில் இருப்பதே அந்தப் பக்கச்சுவர்தான். போட்டோவில் வண்டி தேவதை மாதிரி இருந்தது, ஓட்டத்தில் ஒவ்வொரு சாலை இணைப்பும் முதுகெலும்பில் எண்ணப்பட்டது. வேகத்தடை வந்தால் குறுக்காக ஏற்றி இறக்க வேண்டும், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். பின் சீட்டில் உட்கார்ந்து வந்த அம்மா பாதி வழியில் சொன்னார், "என்னடா இது, முறத்துல போட்டுப் புடைக்கிற மாதிரி இருக்கு. திரும்பி வரும்போது நான் பஸ்ல வந்துக்கறேன்." சொன்னபடியே பஸ்ஸில்தான் வந்தார்.

அதைவிட மோசம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. வண்டியை இறக்கினால் சக்கரத்தின் மேல் முனை உள்பக்கம் சாயும், டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறும். இறக்கிய கையோடு அலைன்மென்ட் செய்தேன், ஆனால் ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொரு முறை செய்ய வேண்டும் என்பதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகவே இருந்தது. 14,000 கிலோமீட்டரில் பஞ்சர் ஒட்டக் கழற்றியபோது உள் ஓரத்தில் கம்பி தெரிந்தது. அந்த டயரில் அதற்கு முந்தைய வாரம் மழையில் நெடுஞ்சாலையில் போயிருக்கிறேன். இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது இருப்பது 15 மில்லிமீட்டர் மட்டும் இறக்கும் ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர், 225/45 ஆர்17 டயர். பக்கச்சுவர் 101 மில்லிமீட்டர், சுற்றளவு கிட்டத்தட்ட 18 இன்ச் டயருடையதேதான், அதனால் ஸ்பீடோமீட்டரும் குழம்புவதில்லை. சக்கரம் சின்னதாகி எடையும் குறைந்ததால் மேடு பள்ளத்தை அமைதியாக ஏறி இறங்குகிறது. கூடவே பின்பக்கம் தடிமனான ஆன்டி ரோல் பார், அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி. மொத்த மாற்றத்திலும் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தந்தது இந்தக் கம்பிதான். வளைவில் மூக்கு வெளியே ஓடுவது குறைந்து வண்டி உள்ளே திரும்புகிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் மேட்டில் அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை என்பதால் சொகுசும் கெடவில்லை, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும்போதுதான் லேசான உலுக்கல் தெரியும். அம்மா மறுபடியும் வண்டியில் ஏறுகிறார், ஒன்றும் சொல்வதில்லை. அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

மற்றவற்றை வேகமாக முடிக்கிறேன். பந்தய டிராக்குக்கான பிரேக் பேட் காலைக் குளிரில் பிடிக்காது, சூடான பின் கிறீச்சிடும், நல்ல சாலை பேடும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிய டாட் 4 பிரேக் திரவமும் தாராளமாகப் போதும். இன்ஜினின் கீழ் மவுன்ட்டில் பாலியூரித்தேன் துண்டு செருகினால் கியர் மாற்றும்போது ஆட்டம் குறையும், ஆனால் ஏசி போட்டு நிற்கும்போது கண்ணாடியில் பின்னால் இருக்கும் வண்டி இரண்டு இரண்டாகத் தெரியும். எடுத்துவிட்டேன். ஈரச் சாலையில் முதல் இரண்டு கியரில் முன் சக்கரம் வீணாகச் சுழல்வதும் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்குவதும் தொல்லையாக இருந்ததால், அந்த இரண்டு கியருக்கும் டார்க்கைக் குறைத்து மேப்பைத் திருத்தி எழுதச் சொன்னேன். காசு கொடுத்து வாங்கிய டார்க்கைக் காசு கொடுத்தே குறைத்த ஆள் நான்தான்.

இன்ஷூரன்ஸில் எல்லா மாற்றத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பிரீமியம் ஏறியது, ஏறட்டும். மறைத்துவிட்டு விபத்தன்று மாட்டிக்கொண்டால் கிளெய்ம் கிடைக்காமல் போகலாம். எந்தப் பாகம் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் போட்டது என்று ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சர்வீஸிலும் மெக்கானிக் "சார், இது எந்த வண்டியோட ரப்பர் புஷ்?" என்று கேட்கும்போது அதுதான் காப்பாற்றுகிறது.

சரி, வாங்கலாமா? ஒரே காராக வைத்திருப்பவர் ரீமேப், இன்டர்கூலர், பின் ஆன்டி ரோல் பார், நல்ல டயர் இவற்றோடு நிறுத்தினால் தாராளமாக. கிளட்ச்சுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். யாரோ மாற்றிய வண்டியைப் பழையதாக வாங்குகிறீர்கள் என்றால் ஒரிஜினல் பாகங்கள் எங்கே என்று கேளுங்கள், இல்லை என்றால் வேறு வண்டி பாருங்கள். டயரைக் குனிந்து உள் ஓரத்தில் தடவிப் பாருங்கள். எனக்கு அடுத்து இருப்பது இன்டேக் வால்வில் படிந்த கரியைச் சுத்தம் செய்வது. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால் வால்வைக் கழுவாது, அதனால் அது மாற்றாத வண்டிக்கும் வரும் வேலைதான், அரைத்த வால்நட் ஓட்டை வேகமாக அடித்துச் சுரண்டுவார்கள். அடுத்த மாதம் விடுகிறேன். இந்த முறை கழற்றியதையே திரும்ப மாட்டச் சொல்லியிருக்கிறேன்.