சஸ்பென்ஷன் சீட்போஸ்ட் சொகுசு தருமா? எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்தது

சைக்கிள் சீட்டைத் தாங்கி நிற்கும் குழாய்தான் சீட்போஸ்ட்; அடியை உள்வாங்க அதில் ஸ்பிரிங்கோ ரப்பரோ வைத்திருந்தால் அது சஸ்பென்ஷன் சீட்போஸ்ட். சில வருடங்களாக அதில் இரண்டு வகைகளைப் போட்டு ஓட்டிவிட்டேன். "வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு எங்கே வலிக்கிறது? பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இடுப்பில் 'ணங்'கென்று அடி விழுகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே பின்புறம் வலிக்கிறது, தொடை உரசிப் புண்ணாகிறது என்றால் கோளாறு சீட்டின் அகலத்திலோ வடிவத்திலோ இருக்கிறது. அதற்கடியில் ஸ்பிரிங் வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கை மரத்துப்போவதற்கும் இது மருந்தில்லை.

முதலில் போட்டது குழாய்க்குள் குழாய் இறங்கும் வகை. விலை மலிவு. பெரிய குழியில் உதவியது, பொடி அதிர்வுக்கு அசையவே இல்லை. நம் எடை நேர்கீழாக இறங்குகிறது. சீட்போஸ்டோ பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதனால் உள்குழாய் வெளிக்குழாயின் சுவரில் அழுந்தி உராய்ந்து சிக்குகிறது. நாளாவட்டத்தில் உள்ளிருக்கும் புஷ் (இரண்டு குழாய்களுக்கும் நடுவில் இருக்கும் வளையம்) தேய்ந்து, சீட்டின் மூக்கு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. அந்த ஆட்டம் எனக்குப் பள்ளத்தைவிட எரிச்சல்.

இப்போது இருப்பது நான்கு மூட்டுகளில் மடங்கும் இணைகர வகை. சீட் கீழே இறங்கும்போதே சற்றுப் பின்னாலும் போகிறது. பெடலுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம் பெரிதாக மாறுவதில்லை. கரடுமுரடான ரோட்டில் வித்தியாசம் உடனே தெரியும். கேன் கிரீக்கின் தட்பஸ்டர், ரெட்ஷிஃப்டின் ஷாக்ஸ்டாப், சன்டூரின் என்சிஎக்ஸ் எல்லாம் இந்த ரகம்தான். ஷாக்ஸ்டாப் 35 மி.மீ. வரை இறங்கும், தட்பஸ்டரின் நீள மாடல் 90 மி.மீ. தார் ரோட்டுக்கு 90 எல்லாம் அதிகம் என்பது என் கருத்து.

பிராண்டைவிட முக்கியம் ஸ்பிரிங்கின் இறுக்கம். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. நாம் உட்கார்ந்ததும் மொத்த நகர்வில் கால்பங்கு அளவு இறங்க வேண்டும். என்னுடையதில் அதற்குச் சீட்போஸ்டை உருவி, தலைகீழாகப் பிடித்து, அடியில் இருக்கும் திருகை ஆலன் கீயால் திருப்ப வேண்டும். அரைச் சுற்று திருப்பு, மாட்டு, ஓட்டிப் பார், மறுபடி உருவு. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் ஒருமுறை அமைந்துவிட்டால் பிறகு தொடத் தேவையில்லை. உட்கார்ந்ததும் 12 மி.மீ. இறங்கினால் சீட்டை அதே 12 மி.மீ. ஏற்றி வைக்க மறக்காதீர்கள். முழங்கால் நன்றி சொல்லும். ஸ்பிரிங்குக்குப் பதில் எலாஸ்டோமர் ரப்பர் உள்ள மாடல்கள் குளிரில் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும்.

யாரும் அதிகம் சொல்லாத பக்கவிளைவு ஒன்று உண்டு. அடி தெரியாததால் பள்ளத்திலும் எழுந்து நிற்காமல் சவுகரியமாக உட்கார்ந்தே போகப் பழகிவிடுகிறோம். நமக்குத்தான் அடி குறைகிறது, பின்சக்கரத்துக்கு இல்லை. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பஞ்சர் ஆவது இப்படித்தான். பெரிய குழி என்றால் இப்போதும் பெடலில் எழுந்து நின்றுவிடுகிறேன்.

எடையும் கூடும். சாதாரண அலுமினிய சீட்போஸ்ட் 300 கிராம் அளவில் இருக்கும், இணைகர வகை அரைக் கிலோவையும் தாண்டலாம். மூட்டுகளில் மண் சேர்ந்தால் கிறீச்சிடும். துடைத்து கிரீஸ் வைத்தால் அடங்கிவிடும்.

பணம் போடும் முன் டயரைப் பாருங்கள். கல்லாக இறுகிய டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பதற்குச் செலவே இல்லை; பொடி அதிர்வில் பாதி அங்கேயே போய்விடும். அப்புறமும் இடுப்பு கேட்காவிட்டால் சீட்போஸ்டுக்கு வாருங்கள். ஃப்ரேம் குழாயின் உள்விட்டம் 27.2, 30.9, 31.6 மி.மீ. என்று பல அளவில் வரும். சிறிய போஸ்டை ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய உறை) போட்டுப் பெரிய குழாயில் பொருத்தலாம். பெரியதைச் சிறியதில் நுழைக்க வழியே இல்லை. மடங்கும் மூட்டுக்கு உயரம் வேண்டும் என்பதால் சீட்டுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதையும் அளந்துவிடுங்கள். சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுபவர்களுக்குப் பல மாடல்கள் பொருந்தாமல் போவது அங்கேதான்.