மாவுச்சத்தைக் குறைத்த பதினெட்டு மாதங்களும் மூளை மூட்டமும்: ஓர் ஆவண எழுத்தரின் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆவண எழுத்தராக இருக்கிறேன். கிரயப் பத்திரத்தில் சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும், நான்கு எல்லைகளில் வடக்கும் தெற்கும் இடம் மாறினாலும், பிழைதிருத்தல் பத்திரம் எழுதி மறுபடி பதிய வேண்டி வரும். அதன் செலவும் அலைச்சலும் நிலம் வாங்கியவர் தலையில் விழும். ஆகவே, மாவுச்சத்துக் குறைந்த உணவுக்கு மாறிய இரண்டாம் வாரத்தில், ‘பிரெயின் ஃபாக்’ என்று பலரும் சொல்லும், கவனமும் நினைவும் மங்கும் மூளை மூட்டம் என்னைப் பிடித்தபோது அது என் பிழைப்பையே தொட்டது. 2024 ஜனவரியில் தொடங்கிய இந்த உணவு முறையில் பதினெட்டு மாதங்கள் கடந்த பிறகு, எது உதவியது, எது உதவவில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

எனக்கு வயது 52. ஆறு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிட்டு வந்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 ஆக உயர்ந்ததுதான் மாற்றத்துக்குக் காரணம். எங்கள் பக்கத்துச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள்: காலையில் புட்டும் ஏத்தன்பழமும், மதியம் சம்பா அரிசிச் சோறு, மாலைத் தேநீருடன் பழம்பொரி, இரவில் பல நாள் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும். மரச்சீனிக்கிழங்கு நூறு கிராமில் மட்டுமே ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இத்தனையையும் ஒரே நாளில் நிறுத்தி, நாளொன்றுக்கு 30 கிராமுக்குள் என்று தொடங்கினேன். மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கினேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தப் பதினெட்டு மாதங்களில் நான் செய்த பெரிய தவறு அதுதான்.

முதல் வாரத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தது. அடுத்த வாரம், தாய்ப்பத்திரத்தின் ஒரே வரியை மூன்று முறை படித்தும் பொருள் மனத்தில் தங்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாக வந்துபோகும் ஒருவரின் தகப்பனார் பெயர் நினைவுக்கு வராமல், பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். வரைவைத் திருத்தும்போது சிவப்புப் பேனாவால் வட்டமிடும் பழக்கம் உள்ளவன் என்பதால், வட்டங்களை எண்ணி நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். வழக்கமாகப் பத்துப் பத்திரத்துக்கு மூன்று வட்டம் இருக்கும். அந்த வாரம் பதினொன்று. இது அறிவியல் அளவீடு ஆகாது என்றாலும், தெளிவாக இருப்பதாக என்னையே நான் நம்பவைத்துக்கொள்ளாமல் இருக்க அந்த எண்ணிக்கை உதவியது.

“மக்ளே, ஒரு பிடி சோறாவது தின்னு, மண்டை தெளியும்” என்றார் அம்மா. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, நாம் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதன் வழக்கமான எரிபொருள் குளுக்கோஸ். ஆனால் சோறு சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் புரதத்திலிருந்தும் கொழுப்பின் கிளிசராலிலிருந்தும் குளுக்கோஸைத் தானே உருவாக்குகிறது. கூடவே கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களைத் தருகிறது, மூளை அவற்றையும் எரிக்கப் பழகிக்கொள்கிறது. நெடுநாள் பட்டினியில் மூளையின் தேவையில் பெரும்பகுதியைக் கீட்டோன்களே நிறைவேற்றும் என்பது 1960களிலேயே ஆய்வுகளில் காட்டப்பட்டது. பழகுவதற்குச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகலாம். ஆகவே பழகும்வரை பொறுத்திருப்பது ஒன்றே வழி என்று எண்ணிப் பத்து நாள்களை வீணாக்கினேன்.

உண்மையில் எனக்கு வந்தது ஒரே மூட்டம் அல்ல. வெவ்வேறு காரணங்களால் வந்த வெவ்வேறு மூட்டங்களை ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருந்தேன்.

அவற்றுள் ஆபத்தானது திடீரென்று வருவது. ஒன்பதாம் நாள் முற்பகல் பதினொன்றரை மணிக்கு, பதிவுக்கு ஆள் காத்திருக்கும்போது, கை நடுங்கி, கழுத்து வியர்த்து, எழுத்துகள் மங்கின. அன்றைக்கு அதைப் பசி என்று எண்ணித் தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். மூன்று நாள் கழித்து மீண்டும் வந்தபோது குளுக்கோமீட்டரில் பார்த்தேன்: 62. எழுபதுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன், ஏறியிருந்தது. அன்று மாலையே மருத்துவரிடம் போனேன். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பது. சோற்றைக் குறைத்துவிட்டு அதே அளவு மாத்திரையைத் தொடர்ந்தால் சர்க்கரை விழாமல் என்ன செய்யும் என்று கேட்டார். அதை நிறுத்தி மெட்ஃபார்மினை மட்டும் வைத்தார். அதற்குப் பின் அந்த நடுக்க மூட்டம் ஒருமுறைகூட வரவில்லை. டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுவோருக்கு வேறோர் ஆபத்து உண்டு என்றும் சொன்னார்: மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், ரத்தச் சர்க்கரை அதிகமாக இல்லாதபோதும் கீட்டோன்கள் மிஞ்சி ரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்த உணவு முறையைத் தொடங்கவே வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது மூட்டம் நாற்காலியிலிருந்து எழும்போது வந்தது. கண் இருண்டு, பிறகு பிற்பகல் முழுவதும் தலையில் ஈரத்துணி போர்த்தியதுபோல இருக்கும். இதற்குக் காரணம் உடலில் உப்புக் குறைந்தது. கல்லீரலிலும் தசையிலும் உடல் சேமித்து வைக்கும் குளுக்கோஸான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது; அது கரையும்போது தண்ணீரும் போகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் சோடியத்தையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. நான் மகிழ்ந்த இரண்டரைக் கிலோவில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். போதாக்குறைக்கு, உடலுக்கு நல்லது என்று எண்ணி அப்பளத்தையும் ஊறுகாயையும் அதே நாளில் விட்டிருந்தேன். ரத்த அழுத்தம் 100/64 ஆக இறங்கியிருந்ததைப் பார்த்த மருத்துவரின் ஒப்புதலோடு, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நீர்மோரில் நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி உப்பைக் கூடுதலாகச் சேர்த்தேன். இரண்டே நாளில் வித்தியாசம் தெரிந்தது. அந்த வாரம் வட்டங்கள் ஐந்தாகக் குறைந்தன. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை என்பதால், ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் என்னைப் பார்த்து இதைச் செய்யக் கூடாது. நானும் ஆறு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்றாவதை அடையாளம் காண ஜூன் மாதம்வரை ஆனது. எங்கள் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. அதுவரை சாளையும் அயிலையும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிட்டு வந்தவன், வள்ளங்களில் வரும் கொஞ்ச மீனின் விலையைப் பார்த்துத் தட்டைச் சுருக்கினேன். சோறும் இல்லை, மீனும் இல்லை. தடியங்காய்க் கூட்டும் முருங்கைக்கீரைத் துவரனும் (தேங்காய் சேர்த்த பொரியல்) மட்டும். மாலை நான்கு மணிக்கெல்லாம் வேலை நகராமல் நின்றது, தூக்கமும் கெட்டது. மாவுச்சத்து இல்லாததால் வந்த மூட்டம் என்று நான் நினைத்தது, போதுமான சாப்பாடு இல்லாததால் வந்தது. காலையில் மூன்று முட்டை, மதியம் பனீரோ கோழியோ, துவரனில் தேங்காய் சற்றுக் கூடுதலாக என்று மாற்றிய நான்காம் நாள் அது விலகியது. இந்த உணவு முறையில் பசி குறைகிறது என்பதை எல்லோரும் நன்மையாகவே சொல்கிறார்கள். பசி எடுக்காததால் குறைவாகச் சாப்பிட்டுவிட்டு மந்தமாக உட்கார்ந்திருப்பதும் அதனாலேயே நேர்கிறது.

நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அதையும் பரிசோதித்தோம். குறைவாகவே இருந்தது, ஊசி போட்டுக்கொண்டேன். அதனால் தெளிவு எவ்வளவு கூடியது என்று என் நோட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

30 கிராம் என்ற கட்டுப்பாட்டை 2024 ஆகஸ்டில் கைவிட்டேன். இப்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 கிராம்: மதியம் ஒரு சிறு கிண்ணம் சோறு, சிறுபயறு, காய்கள். எச்பிஏ1சி 6.5, எடை 84 கிலோவிலிருந்து 76. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் முதலாண்டில் ஏறியதால், எதற்கும் தேங்காய் எண்ணெயை ஊற்றும் வழக்கத்தைக் குறைத்து, மீனை வறுக்காமல் கறியாக வைக்கிறோம். கடைசிப் பரிசோதனையில் அது சற்று இறங்கியிருந்தது. சக்கைப்பழக் காலத்தில் நான்கு சுளைக்கு மேல் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரு கைப்பிடி மரச்சீனி உண்டு, அயிலைக் கறியோடு. மறுநாள் காலைச் சர்க்கரை கொஞ்சம் கூடுகிறது, அதை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். சென்ற மாத நோட்டில் பத்துப் பத்திரத்துக்கு இரண்டு வட்டங்கள் இருக்கின்றன; இரண்டுமே, இரவு சரியாகத் தூங்காத நாள்களில் எழுதியவை.