பியூ (பாலியூரித்தேன்) ரெசின் ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனத்துக்கு: 84,960 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஃப்ளோர் கோட்டிங் வேலைக்கு, ஆமணக்கெண்ணெய் சேர்த்து மாடிஃபை செய்த பாலியூரித்தேன் ப்ரீபாலிமர் (பாதி வினை முடிந்த ரெசின், மீதி தளத்தில் இறுகும்) 200 கிலோ ஆர்டர் போட்டேன். தொழிற்சாலைச் சரக்குகளுக்கென்றே இருக்கும் ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் கிடைத்த பார்ட்டி. கிலோ 360 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 84,960 ரூபாய். முழுசும் அட்வான்ஸ்.

முதலில் ஒரு கிலோ சாம்பிள் வந்தது. தேன் மாதிரி தெளிவு, போட்ட இடத்தில் கல்லாக இறுகியது. அப்புறம் அவர்களுடைய கெமிஸ்ட் போனில் பேசினார். ஆமணக்கெண்ணெயை முதலில் வேக்யூமில் சூடாக்கி ஈரத்தை இழுத்துவிடுவோம், நைட்ரஜன் ஓட்டத்தில் 70-80 டிகிரியில் எம்டிஐ என்கிற ஐசோசயனேட்டோடு சேர்ப்போம், ஐசோசயனேட் கொஞ்சம் அதிகமாகவே நிற்கும்படி வைப்போம், என்சிஓ (இறுகுவதற்கு மிச்சமிருக்கும் ஐசோசயனேட் அளவு) 8.4 சதவீதத்துக்கு இறங்கியதும் நிறுத்தி டின்னில் அடைப்போம் என்றார். ஒரு வார்த்தை பிசகில்லை. வேலை தெரிந்த ஆள் பேசுகிற பேச்சு அது. அன்று சாயங்காலமே பணத்தை அனுப்பினேன்.

சரக்கு இறங்கியதும் பையன் கூப்பிட்டான், "அண்ணே, டின்னெல்லாம் உப்பியிருக்கு." மூடியைத் தளர்த்தினால் புஸ்ஸென்று காற்று. மேலே ஆடை, கீழே நுரை. ஐசோசயனேட்டில் தண்ணீர் பட்டால் கார்பன் டை ஆக்சைடு வரும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். லேபிளின் ஓரத்தை நகத்தால் கீறினால் அடியில் இன்னொரு லேபிள்! அதில் போன வருடத் தேதி. அவர்கள் கொடுத்த டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் இருக்கும் பேட்ச் நம்பருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டைபியூட்டைல் அமீன் போட்டு, ஆசிட்டில் டைட்ரேட் செய்து பார்த்ததில் என்சிஓ 5.1தான். 4200-ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்தால் ஈக்விவலன்ட் எடை (ஒரு பங்கு பாலியாலுக்கு எத்தனை கிராம் ரெசின் என்ற கணக்கு) வரும்: அவர்கள் சொன்னபடி 500, கையில் இருப்பதோ 820-க்கு மேல். 500 என்று நம்பி ஐசோசயனேட்டோடு சேர்ந்து இறுகும் ஹார்டனர் பக்கத்துப் பாலியாலை அளந்து கலந்திருந்தால் பாலியால் மிஞ்சி நின்று தளம் காயவே காயாது. செருப்பு ஒட்டும். கஸ்டமர் என்னை விடுவாரா?

போன் போட்டால் முதல் பதில்: "உங்க ஊர்ல மழை சார், ஸ்டோரேஜ் சரியில்ல." லாரியிலிருந்து இறக்கிய அன்றைக்கே டின் உப்பியிருந்த வீடியோவை அனுப்பினேன். அடுத்து, "டெக்னிக்கல் ஆள் லீவு." அதற்கும் அடுத்து, "திறந்த டின்னை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." திறக்காமல் எப்படி டெஸ்ட் செய்வதாம்? சாம்பிளுக்கு அவ்வளவு இனிக்க இனிக்கப் பேசிய கெமிஸ்டின் நம்பர் இப்போது ஸ்விட்ச் ஆஃப். தளத்துக்காரர்களோ, நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம், பணம் நேராகப் போயிருக்கிறது என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். 84,960 ரூபாய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. சாம்பிளை வைத்து மொத்தச் சரக்கை எடைபோடாதீர்கள். அனுப்பப் போகிற பேட்ச் நம்பர் தெரியும்படி டின்னின் போட்டோ வாங்கிக்கொண்டு, அதே நம்பருக்கு சர்டிஃபிகேட் கேளுங்கள். பாதிப் பணத்தையாவது என்சிஓ பார்த்த பிறகு கொடுங்கள். உப்பிய டின்னை இறுக்கி மூடாதீர்கள், வெடிக்கும். மாஸ்க் இல்லாமல் முகர்ந்தும் பார்க்காதீர்கள், ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

அதே தளத்தில் இன்று வேறு பெயரில் கிலோ 340 ரூபாய்க்கு ஒரு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். எனக்கு அனுப்பிய அதே டின் போட்டோ, பின்னால் அதே நீலக் கதவு. பார்த்தால் ஒதுங்கிவிடுங்கள்.