நாயும் பூனையும் ஒரே பாயில் படுக்கும் வீட்டுக்கு எந்த உண்ணி மருந்து?

எங்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாட்டு நாய், ஆறு வயது. சுந்தரி என்று ஒரு பூனை, மூன்று கிலோ இருப்பாள். இரண்டும் ஒரே கோரைப்பாயில்தான் படுக்கும். ஜிம்மியின் கழுத்தை நக்கிக்கொண்டே சுந்தரி தூங்கிப்போவாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று வருடமாக உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் நான் வாங்கிப் பார்த்த பவுடர், ஷாம்பூ, கழுத்துப்பட்டை, சொட்டு மருந்து, மாத்திரை எல்லாவற்றிலும் எது நல்லது எது ஆகாது என்று கடைசியில் முடிவு செய்தது அந்த ஒரு பாய்தான். நாய் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நன்றாக இருக்கிற ஒரு மருந்து, பூனையும் இருக்கிற வீட்டில் உயிரை எடுத்துவிடும்.

நாங்கள் இருப்பது திருச்சி உறையூரில், பழைய காலத்து வாடகை வீடு. சுவரில் விரிசல், கதவு நிலையில் இடுக்கு, பின்பக்கம் கிணற்றடி, வாசலில் தெருநாய்கள். உண்ணிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. முதல் வருடம் முழுக்கப் பவுடர்தான் போட்டேன். வாரம் ஒரு டப்பா காலியாகும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் இருப்பதைப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவார், ஒரு உட்காரலில் முப்பது நாற்பது தேறும். மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடி அதே இடத்தில் புதிதாக நாலு. பவுடர் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பவுடர்மேல் தப்பில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

போன வருடம் வெயில் காலம் முடியும் சமயத்தில் ஜிம்மி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் முப்பத்திரண்டாயிரம், நல்ல நாய்க்கு இரண்டு லட்சத்துக்குக் குறையக்கூடாதாம். உண்ணிக் காய்ச்சல், எர்லிக்கியா என்கிற கிருமி, உண்ணி கடிக்கும்போது உள்ளே போவது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருபத்தெட்டு நாள், ஒரு நாள்கூட விடாமல், வயிற்றில் சோறு இருக்கும்போது மட்டும். பிழைத்துக்கொண்டான். அந்த இருபத்தெட்டு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை, மூச்சு விடுகிறானா என்று ராத்திரி எழுந்து எழுந்து பார்ப்பேன்.

டாக்டரம்மா அன்றைக்கு ஒரு விஷயம் சொன்னார். நாயின் மேல் நீங்கள் பார்க்கிற உண்ணி கொஞ்சம்தான், மிச்சம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்றார். நம் ஊரில் நாய்களிடம் அதிகம் இருப்பது பழுப்பு நிற நாய் உண்ணி. குஞ்சாக இருக்கும்போது ஒரு தடவை ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும், தோல் உரிக்கும், மறுபடி ஏறும், மறுபடி விழும், வளர்ந்தபின் மூன்றாம் தடவை ஏறும். கடைசியாக வயிறு புடைத்து விழுகிற பெண் உண்ணி மேல்நோக்கி ஊர்ந்து போய், சுவர் விரிசலிலோ உத்திரத்தின் இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போகும். வளர்ந்த உண்ணி சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். மற்ற உண்ணிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காடு, புல்வெளி வேண்டும். இதற்கு நம் வீடே போதும். பவுடர் அன்றைக்கு நாயின் மேல் இருந்ததைக் கொன்றது, குளிப்பாட்டியதும் பவுடர் போனது, சுவரிலிருந்து அடுத்த கூட்டம் இறங்கி வந்தது. ஆக, உண்ணி மருந்து வாங்கும்போது எவ்வளவு சீக்கிரம் கொல்லும் என்று பார்ப்பதைவிட, சுவரில் இருப்பது தீரும்வரை இடைவெளி விடாமல் எத்தனை நாள் நிற்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

அடுத்து சொட்டு மருந்து. கழுத்துக்குப் பின்னால், நாக்கு எட்டாத இடத்தில் முடியை விலக்கித் தோலில் விடுவது. இதில் இரண்டு ஜாதி உண்டு, அந்த வித்தியாசம் தெரியாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஃபிப்ரோனில் இருப்பது ஒன்று, ஃபிரண்ட்லைன் பிளஸ் அந்த வகை, கூடவே தெள்ளுப்பூச்சி முட்டை பொரிக்காமல் தடுக்க எஸ்-மெத்தோப்ரீன் சேர்த்திருப்பார்கள். பூனைக்கென்று தனியாகச் சின்னக் குழாயே வருகிறது. இன்னொன்று பெர்மெத்ரின் இருப்பது. நாய்க்குப் பிரச்சினை இல்லை, உண்ணியை நன்றாக விரட்டும். பூனைக்கு விஷம். நாயின் ஈரல் உடைத்து வெளியே தள்ளிவிடுகிற அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் உடைக்க முடியாது, அது நரம்பைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு செல்லப்பிராணிக் கடையில் உண்ணிக்குச் சொட்டு மருந்து கேட்டேன். வீட்டில் பூனையும் இருக்கிறது என்று நானேதான் சொன்னேன். கடைப் பையன் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, "ஒண்ணும் ஆகாதுக்கா, வேணும்னா இதுலயே கொஞ்சம் பூனைக்கும் விடுங்க" என்றான். நல்ல வேளை, பூனைக்கு விடவில்லை. ஜிம்மிக்கு மட்டும் விட்டேன். ராத்திரி வழக்கம்போல இரண்டும் ஒரே பாயில். விடியற்காலையில் சுந்தரியின் காது துடித்தது, அப்புறம் உடம்பு முழுக்க நடுக்கம், நிற்க முடியவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். பாத்திரம் கழுவுகிற திரவம் போட்டு வெதுவெதுப்பான நீரில் உடனே கழுவுங்கள், துணியில் சுற்றிக் குளிராமல் கொண்டு வாருங்கள் என்றார். இரண்டு நாள் டிரிப்ஸ், நடுக்கத்தை நிறுத்த ஊசி. பிழைத்து வந்தாள். அந்தப் பாக்கெட்டை வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன், பூனைப் படம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்கு. நான் பார்த்திருக்க வேண்டும்தான், ஆனால் மருந்து விற்கிறவர் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? இப்போதும் அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போது வயிறு எரிகிறது.

மாட்டுக்கு அடிக்கிற அமித்ராஸ், டெல்டாமெத்ரின் திரவத்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள், செலவும் குறைவு. அளவு பிசகினால் நாய்க்கே மயக்கம் வரும், அமித்ராஸ் பூனைக்கு ஆகவே ஆகாது. எங்கள் வீட்டுக்கு வேண்டாம். கழுத்துப்பட்டையும் அதே காரணத்தால்தான் போனது. பூனை இல்லாத வீட்டில் நல்ல பட்டை பல மாதம் நிற்கும் என்பதால் கணக்குப் பார்த்தால் லாபம். ஜிம்மியின் கழுத்தையே நக்குகிற சுந்தரியை வைத்துக்கொண்டு அங்கேயே மருந்தைக் கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் வந்து நின்றது மாத்திரையில். நாயின் தோலில், முடியில் எதுவும் இருக்காது, பூனை எவ்வளவு நக்கினாலும் கவலை இல்லை, குளிப்பாட்டினாலும் போகாது. எங்கள் மாதிரி வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. மருந்து ரத்தத்தில் ஓடும், உண்ணி கடித்தால்தான் சாகும். அதனால் மாத்திரை கொடுத்தபின்னும் ஓரிரண்டு உண்ணி நாயின் மேல் ஊர்வதைப் பார்ப்பீர்கள், மருந்து வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம், மறுநாள் பார்த்தால் காய்ந்துபோய் உதிரும்.

நம் கடைகளில் கிடைப்பவற்றில் மூன்றைப் பார்த்தேன். பிராவெக்டோ ஒரு மாத்திரை பன்னிரண்டு வாரம். நெக்ஸ்கார்டு மாதம் ஒன்று. சிம்பாரிக்கா முப்பத்தைந்து நாள். மூன்றும் ஒரே குடும்பத்து மருந்துதான். நான் எடுத்தது பிராவெக்டோ, காரணம் ஒன்றே ஒன்று: மாதாமாதம் ஞாபகம் வைக்க எனக்கு வராது, ஒரு மாதம் தள்ளிப்போனால் சுவரில் இருப்பதற்கு அது போதும். ஒரே மாத்திரைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கும்போது கை கூசத்தான் செய்தது. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், மாத்திரை, ஆட்டோ என்று செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தபின் கூசவில்லை. சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. ஜிம்மி கோழிச்சோற்றுக்கு நடுவே வைத்ததை மெல்லக்கூட இல்லாமல் விழுங்கிவிட்டான். முதல் வாரத்திலேயே காது மடிப்பு சுத்தமானது. இரண்டாவது மாத்திரையின் பாதிக் காலத்தில் சுவரிலும் கண்ணில் படுவது நின்றது. அம்மாவின் மண்ணெண்ணெய்க் கிண்ணம் பரணுக்குப் போய்விட்டது.

எடையைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள், கண்ணளவு வேண்டாம். பிராவெக்டோவில் பத்திலிருந்து இருபது கிலோ வரை ஒரு மாத்திரை, இருபதிலிருந்து நாற்பது வரை அடுத்தது. காய்ச்சலில் பதினேழாக இருந்த ஜிம்மி உடம்பு தேறி இருபதரைக்கு வந்துவிட்டான், அடுத்த தடவை பெரிய மாத்திரை, விலையும் கூட. நெக்ஸ்கார்டில் பத்திலிருந்து இருபத்தைந்து வரை ஒரே மாத்திரை என்பதால், இருபத்திரண்டு, இருபத்து மூன்று கிலோ நாய் வைத்திருப்பவர்கள் இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய நாய் மாத்திரையை வாங்கி இரண்டு சின்ன நாய்க்கு உடைத்துக் கொடுக்கிறார்கள் சிலர்; அது வேண்டாம், துண்டு எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது.

டாக்டரம்மா மாத்திரை எழுதும் முன் கேட்டது, ஜிம்மிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று. இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் எச்சரிக்கை விட்டது. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானது என்றும் அதே அறிக்கையில் சொன்னார்கள், ஆனாலும் வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். குட்டி என்றாலும் வயதும் எடையும் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான்.

சுந்தரிக்கு வேறு கதை. பூனை தன்னையே நக்கிச் சுத்தம் செய்வதால் உண்ணி அவ்வளவாகத் தங்காது, தெள்ளுப்பூச்சிதான் தொல்லை. இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: சீப்பால் வாரி விழுகிற கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள், செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். பூனைக்கான ரெவல்யூஷன், செலமெக்டின் சொட்டு மருந்து, மாதம் ஒன்று விடுகிறேன். தெள்ளோடு காதுப்பூச்சிக்கும் சில வகைக் குடற்புழுவுக்கும் சேர்த்துக் கேட்கிறது. விட்டபின் மூன்று நான்கு மணி நேரம் அவளைத் தனி அறையில் வைத்துவிடுவேன், காயும்வரை யாரும் நக்கக் கூடாது. மூன்று மாதமாக அவள் சொறிவதை நான் பார்க்கவில்லை.

ஒரு விஷயம், இரண்டுக்கும் ஒரே நாளில் ஆரம்பியுங்கள். நாய்க்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பூனையை விட்டால் தெள்ளு பூனைமேல் வாழ்ந்து, பாயில் முட்டை உதிர்த்துக்கொண்டே இருக்கும். அந்த முட்டையிலிருந்து வருகிற புழு கூடு கட்டிக்கொண்டபின் மருந்தெல்லாம் உள்ளே போகாது, வாரக்கணக்கில் கிடந்து, ஆள் நடக்கிற அதிர்வு பட்டதும் வெளியே குதிக்கும். அதனால் மருந்து விட்ட ஒரு மாதம் கழித்துக்கூடப் புதுத் தெள்ளு தெரியலாம், நிறுத்திவிடாமல் தொடர வேண்டும். நாங்கள் கோரைப்பாயைத் தூக்கிப் போட்டுவிட்டு வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசக்கூடிய பழைய புடவை மெத்தைக்கு மாறினோம், கதவு நிலை இடுக்குக்கும் சுவர் விரிசலுக்கும் வீட்டுக்காரரிடம் சொல்லி வெள்ளை சிமெண்ட் பூசினோம். மாத்திரை பாதி வேலை, இந்த சிமெண்ட் பாதி வேலை.

வேப்பெண்ணெய், மஞ்சள், கற்பூரம் என்று கேட்பவர்களுக்கு: நானும் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன், வாசனை போகும்வரை கொஞ்சம் குறைகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கற்பூரமும் அந்துருண்டையும் பூனை இருக்கும் வீட்டில் தரையில் வைக்கவே வைக்காதீர்கள். உண்ணி ஒன்றிரண்டு இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், விரலால் நசுக்க வேண்டாம், பீடியால் சுடவும் வேண்டாம்.

வாசலில் படுக்கிற செவலைக்கும் இந்தத் தடவை ஒரு மாத்திரை வாங்கினோம். ஜிம்மி தினமும் கேட்டுக்கு இந்தப்பக்கம் நின்று அவனோடு மூக்கு உரசுவான், அவன்மேல் இருப்பது எப்படியும் இங்கே வரும். தெருநாயைப் பிடித்துச் சொட்டு மருந்து விட முடியாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோழித் துண்டுக்குள் வைத்துப் போட முடியும். எதிர்வீட்டு மாமாவும் மேல்மாடி அக்காவும் ஆளுக்குப் பாதி பணம் கொடுத்தார்கள். கறிக்கடைத் தராசில் எடை போட முடியாதே என்று மாமாவே செவலையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்றார், தன் எடையைக் கழித்து, பதினைந்து கிலோ என்றார். அடுத்த மாத்திரைத் தேதியை மூன்று வீட்டு நாட்காட்டியிலும் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.