ஒரே வீட்டு மூவர்: திரையில் உயர்ந்த போரோமிர், சீரழிந்த டெனெத்தோர்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் மூன்று சனிக்கிழமை இரவுகளை, டோல்கினின் நாவலிலிருந்து எடுத்த பீட்டர் ஜாக்சனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்கு ஒதுக்கினோம். மகன் தேசிய சேவையில் இருக்கிறான். வெள்ளி இரவு முகாமிலிருந்து வந்தால் ஞாயிறு மாலை திரும்பிவிட வேண்டும். ஆகவே நால்வரும் சேர்ந்து உட்காரக் கிடைப்பது சனி இரவு மட்டும்தான். கீழே காப்பிக்கடையில் கட்டிவந்த மீ கோரெங், கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, திரையரங்கில் இல்லாத காட்சிகளும் சேர்ந்த நீளப் பதிப்பு. மூன்றாவது படம் முடிந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மனைவி எப்போதோ தூங்கிவிட்டார்.

மகள் கேட்டாள்: "அப்பா, புத்தகத்துல இருக்கற மாதிரி யாரு வந்திருக்காங்க? யாரை ரொம்பக் கெடுத்துட்டாங்க?"

எங்கள் வீட்டில் புத்தகத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான். அவள் அதைத் தொடுவாளா மாட்டாளா என்பது என் பதிலில்தான் இருக்கிறது என்று தெரிந்ததால் கொஞ்சம் யோசித்துச் சொன்னேன். இரண்டு விடையும் ஒரே வீட்டுக்குள் இருந்தன, கதையில் கோண்டோர் நாட்டை ஆளும் குடும்பம் அது. நன்றாக வந்தது மூத்த மகன் போரோமிர். கெட்டுப்போனது அப்பா டெனெத்தோர். இளையவன் ஃபாரமிர் இரண்டுக்கும் நடுவே தொங்குகிறான்.

மந்திரவாதி கண்டால்ஃபாக இயன் மெக்கெல்லன், கோல்லமாக ஆண்டி செர்கிஸ் என்று உடனே சொல்லத் தோன்றும். மறுப்பில்லை. ஆனால் அவை எழுத்திலேயே கொழுத்த பாத்திரங்கள், நல்ல நடிகர் கிடைத்தால் நின்றுவிடும். குள்ளர் இனத்துப் போர்வீரன் கிம்லியை நகைச்சுவைக்கு நேர்ந்துவிட்டார்கள் என்பதும் எல்லாரும் சொல்லிச் சலித்த குறை. 1978இல் வந்த கார்ட்டூன் படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் அதை இங்கே இழுக்கவில்லை.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று. படம் பார்த்தபின் புத்தகத்தைத் திறக்கும்போது, திரையில் கண்ட முகம் வாசிப்புக்குக் கைகொடுக்கிறதா, குறுக்கே நிற்கிறதா? நடிப்பு, ஒப்பனை, மூலத்திலிருந்து எத்தனை வரி மாறியது என்பதெல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான். படம் மூன்று இரவில் முடிந்துவிடுகிறது. புத்தகத்தை இதுவரை நான்கு முறை படித்திருக்கிறேன், இன்னும் படிப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த முகம் கூடவே வரும்.

போரோமிரை எடுத்துக்கொள்வோம். கல்லூரி நாளில் முதல்முறை படித்தபோது அவனை எனக்குப் பிடிக்கவே இல்லை. எதிரி சௌரோன் செய்த, யாரையும் மயக்கும் மோதிரத்தை என்ன செய்வது என்று கூடிய எல்ராண்டின் சபைக்கு 110 நாள் தனியாகப் பயணம் செய்து வந்தவன் என்று புத்தகம் சொல்கிறது. அந்தக் களைப்பு நம் மனத்தில் பதிவதற்குள் அவன் தன் நாட்டுப் பெருமையை ஆரம்பித்துவிடுவான். வீம்புக்காரன், எப்படியும் மோதிரத்துக்கு ஆசைப்படப்போகிறவன் என்று முத்திரை குத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அவன் சாகும் சண்டையை டோல்கின் எழுதவும் இல்லை. இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் பயணக்குழுவை வழிநடத்தும் ஆரகோர்ன் ஓடிவரும்போது, உடம்பெல்லாம் அம்பு தைத்து அவன் மரத்தில் சாய்ந்திருக்கிறான். மோதிரத்தைப் பறிக்கப் பார்த்தேன், மன்னித்துவிடு, அதற்கு விலை கொடுத்துவிட்டேன் என்ற பொருளில் சில சொற்கள், அவ்வளவுதான். நான் அழவில்லை.

ஷான் பீன் நடித்த போரோமிர் 2001இல் வந்த முதல் படத்திலேயே இறக்கிறான். அந்தச் சாவை இரண்டாம் பாகத் தொடக்கத்திலிருந்து முதல் படத்தின் முடிவுக்கு இழுத்துவந்தது திரைக்கதையின் மிகப் புத்திசாலித்தனமான வேலை என்பேன். அதைவிட முக்கியம், அந்தச் சாவுக்கு முன்னால் வைத்த சின்னச் சின்ன முதலீடுகள். கூட வரும் குட்டை மனிதர்களான மெர்ரிக்கும் பிப்பினுக்கும் வாள்வீச்சு சொல்லிக்கொடுத்து, அவர்களோடு தரையில் உருண்டு சிரிக்கிறான். "இப்படி ஒரு சார்ஜண்ட் கிடைச்சா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று என் மகன் முணுமுணுத்தது அந்த இடத்தில்தான். பனிமலையில், மோதிரத்தை அழிக்கச் சுமந்து செல்லும் ஃப்ரோடோவின் கழுத்திலிருந்து விழுந்த அதைச் சங்கிலியோடு தூக்கிப் பார்க்கிறான். இத்தனை சிறிய பொருளுக்கா இவ்வளவு பயம் என்கிறான். ஆரகோர்னின் கை வாள்பிடிக்குப் போகிறது. போரோமிர் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஃப்ரோடோவின் தலைமுடியைக் கலைத்துவிட்டு நடக்கிறான். மோரியாச் சுரங்கத்தில் கண்டால்ஃபை இழந்து வெளியே வந்ததும் ஆரகோர்ன் எல்லாரையும் கிளப்பப் பார்க்கிறான். கொஞ்ச நேரம் அழவாவது விடு என்று கெஞ்சுகிறவன் போரோமிர்தான். வாள் பயிற்சியும் சங்கிலிக் காட்சியும் அந்தக் கெஞ்சலும் புத்தகத்தில் இல்லை.

"புத்தகத்தில் இல்லாததைச் சேர்த்தால் அது எப்படி நல்ல தழுவல்?" என்று மகள் மடக்கினாள். நியாயமான கேள்வி. படம் பார்த்தபின் நான் மறுபடி படித்தபோது நடந்ததுதான் பதில். மலையேறும் முன் ஆளுக்கொரு கட்டு விறகு எடுத்துக்கொள்ளச் சொன்னவன் போரோமிர். அன்றிரவு பனிப்புயலில் அத்தனை பேர் உயிரையும் காத்தது அந்த விறகு. மறுநாள் காலை மார்பளவு பனியைத் தன் உடம்பாலேயே உழுது வழி திறந்தவனும் அவன்தான், ஆரகோர்ன் பின்னால் வந்தான். பிறகு பிப்பினை முதுகில் சுமந்து இறக்கிவிட்டான். திரும்ப மேலே வந்து, ஃப்ரோடோவின் துணைவன் சாமையும் சுமந்தான். இவையெல்லாம் டோல்கின் 1954இலேயே அச்சில் வைத்தவை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். ஷான் பீனின் முகம் அந்த வரிகள் ஒவ்வொன்றின் மேலும் விளக்கைப் பிடித்தது. படம் இட்டுக்கட்டிய காட்சி புத்தகத்தின் உண்மைக்குக் கூட்டிக்கொண்டு போனது. இதற்குமேல் ஒரு தழுவல் எனக்கு என்ன தர வேண்டும்?

ஃபாரமிர் விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை. புத்தகத்தில் அவன், இந்தப் பொருள் நடுரோட்டில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறவன். சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஃப்ரோடோவைக் காட்டிலிருந்து அனுப்பிவைக்கிறான். படத்தில் டேவிட் வென்ஹம் நடித்தவனோ மோதிரத்தைக் கண்டதும் மனம் தடுமாறி, ஃப்ரோடோவையும் சாமையும் ஓஸ்கிலியாத் என்ற பாழடைந்த நகர் வரை இழுத்துக்கொண்டு போய் அப்புறம்தான் விடுகிறான். அயோத்தி வேண்டாம் என்பதற்கு முன் பரதன் ஒருநாள் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பார்த்தான் என்று யாராவது படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதே கடுப்புதான்.

ஆனால் படக்குழுவின் வாதத்தையும் ஒதுக்க முடியவில்லை. ஒன்றரைப் படமாக மோதிரம் பொல்லாதது, யாரையும் கவிழ்க்கும் என்று பயமுறுத்திவிட்டு, திடீரென ஒருவன் சட்டென்று வேண்டாம் என்றால் அந்தப் பயம் காற்றுப் போன பலூனாகிவிடும் என்றார்கள். ராட்சதச் சிலந்தியிடம் ஃப்ரோடோ மாட்டும் கட்டத்தை மூன்றாம் படத்துக்குத் தள்ளியதால் அவனுக்கு இரண்டாம் படத்தில் வேறொரு சிக்கலும் தேவைப்பட்டது. சரி, ஒப்புக்கொள்கிறேன், அரைமனதாக.

இதில் இன்னொன்றும் உறுத்துகிறது. 1944இல் டோல்கின் தன் மகன் கிறிஸ்டோஃபருக்குக் கடிதம் எழுதுகிறார். மகன் அப்போது விமானப்படையில், தென்னாப்பிரிக்காவில். புதிதாக ஒருவன் கதைக்குள் வந்திருக்கிறான், நான் அவனை உருவாக்கவில்லை, தானாகவே காட்டுக்குள் நடந்து வந்தான் என்று சொல்கிறார். அவன்தான் ஃபாரமிர். போர்க்காலத்தில் படையில் இருக்கும் மகனுக்கு அப்பா அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பிய கதை அது. ஞாயிறு மாலை மகனின் பச்சைப் பையை வாசல்வரை தூக்கிக்கொண்டு போகும் எனக்கு, ஃபாரமிரை இரண்டாந்தரமாக்கியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இது விமரிசனம் இல்லை, சொந்த வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் அளவுகோலில் ஃபாரமிர் தப்பிவிடுகிறான். புத்தகத்தின் ஃபாரமிர் அவ்வளவு வலுவானவன். பத்துப் பக்கத்தில் வென்ஹமின் முகம் கழன்று விழுந்துவிடும். துவைத்தால் போகிற சாயம்.

டெனெத்தோர் துவைத்தாலும் போகாத கறை.

முதலில் ஒன்று: ஜான் நோபிள் நல்ல நடிகர், எழுதிக்கொடுத்ததைக் கச்சிதமாகச் செய்திருக்கிறார். கோளாறு எழுத்தில். மூன்றாம் படத்தில் அவர் தக்காளியைக் கடித்துச் சாறு வழிய விழுங்குகிறார். பிப்பின் சோகமாகப் பாட, சாவுக்கென்று அனுப்பப்பட்ட ஃபாரமிரின் குதிரைப்படை விரைகிறது. காட்சியாக அபாரம்தான். ஆனால் அந்தத் தக்காளி ஒரு மனிதரின் மேல் இருபது ஆண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2003இல் திரையரங்கில் கண்டால்ஃப் அவரைக் கோலால் அடித்தபோது கைதட்டியவர்களில் நானும் உண்டு. அப்போது புத்தகத்தை மறந்திருந்தேன்.

புத்தகத்தின் டெனெத்தோர் கோமாளி இல்லை. வயதால் உடம்பு தளர்ந்துவிடக் கூடாது என்று மேலங்கிக்குள் இரும்புக் கவசத்தோடு நடப்பவர், அதோடேயே தூங்குபவர். உதவி கேட்டு மலைத்தீ மூட்டச் சொன்னவரும், அண்டை நாடான ரோஹனுக்குச் செந்நிற அம்பை அனுப்பியவரும் அவர்தான். படத்திலோ அவர் மறுக்க, பிப்பின் திருட்டுத்தனமாக ஏறித் தீ வைக்க வேண்டியிருக்கிறது. பார்க்கச் சிலிர்க்கும் அந்த மலைத்தீக் காட்சியின் விலை ஒரு தலைவரின் மானம்.

அவர் ஏன் உடைந்தார் என்பதுதான் மையம். அவரிடம் பலந்தீர் என்ற தொலைகாட்டும் கல் இருக்கிறது. திருதராட்டிரனுக்குச் சஞ்சயன் சொன்னான். டெனெத்தோருக்குச் சஞ்சயனும் இல்லை, கண்ணும் குருடில்லை. பார்த்ததெல்லாம் உண்மை, ஆனால் எதைப் பார்க்கலாம் என்பதை முடிவு செய்தவன் எதிரி. எதிரியின் கறுப்புப் பாய்மரக் கப்பல்கள் வருவதைப் பார்த்தார். அவற்றைக் கைப்பற்றி ஆரகோர்ன் வருவது தெரியவில்லை. குற்றுயிராகக் கொண்டுவரப்பட்ட ஃபாரமிரைப் பார்த்து, நன்றி சொல்லாமல், ஆசி கூறாமல் அனுப்பிவிட்டேனே என்று கலங்குகிறார். படத்தில் அந்தக் கல்லைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு பூடகமான வரி மட்டும் வருகிறது, புத்தகம் படித்தவருக்குத்தான் புரியும். கல் போனதும் காரணம் போய்விட்டது. காரணம் போனதும் மிஞ்சியது பைத்தியம். கடைசியில் உடம்பெல்லாம் தீப்பற்ற, கல்லறை வீதியிலிருந்து கோட்டையின் மறுமுனை வரை ஓடிக் கீழே குதிக்கிறார். புத்தகத்தில் அந்தக் கல்லை நெஞ்சோடு அணைத்துச் சிதையில் படுக்கிறார், அசையாமல்.

நீளப் பதிப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. அதில் மோதிரத்தைக் கொண்டுவா என்று போரோமிரை வற்புறுத்தி அனுப்புவதே அப்பாதான். புத்தகத்தில் போரோமிர் தானே முன்வந்து அந்தப் பயணத்தை ஏற்கிறான். மூத்தவனை நல்லவனாக்க அப்பாவின் கணக்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள். நான் புகழும் போரோமிரின் ஒரு பங்கு இந்தக் களவில் வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மகள் நூலகத்திலிருந்து மூன்று பாகங்களையும் எடுத்துவந்தாள். போரோமிருக்காகத்தான் தொடங்கினாள். விறகுக் கட்டு வந்த இடத்தில் அறையிலிருந்து ஓடிவந்து பக்கத்தைக் காட்டினாள். இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறாள். நேற்று டெனெத்தோர் மேலங்கியைத் திறந்து கவசத்தைக் காட்டும் பக்கத்தில் நின்று, "அப்பா, இவரா அந்தத் தக்காளிக்காரர்?" என்று கேட்டாள். கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. சிதை அத்தியாயத்துக்கு வரும்போது அவள் சிரித்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.