மூன்றாண்டுக் குத்தகையில் ஒரு பாத்தி மண்

சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகத்திடம் காய்கறி போட மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுத்த பாத்தி. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அடுத்த மாதம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் இந்த மண்ணைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

முதல் ஆறு மாதம் கடையில் வாங்கிய மூட்டை மண்ணையும் உரக் குருணையையும்தான் நம்பியிருந்தேன். வெண்டை முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் ஜவ்வரிசி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. வேரைத் தாக்கும் நூற்புழு. மேல்மண்ணோ, மழை விட்ட மறுநாளே ஓடு போல இறுகிவிடும்.

இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஒரு பிற்பகல் கொட்டித் தீர்த்தால் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கரைந்து இறங்கிவிடும். ஆண்டு முழுக்கச் சூடும் ஈரமும் இருப்பதால் போட்ட மட்கும் வேகமாகக் கரையும். ஊரில் அப்பா கோடையில் ஒரு தடவை எரு அடிப்பார், அது போதும். இங்கே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, மேலாகப் போட வேண்டும். இது புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

அதன் பிறகு மண்ணைக் கொத்துவதை விட்டேன். தூங்குமூஞ்சி மரத்துச் சருகை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டேன். கோப்பிக்கடையில் வாங்கிய காப்பிச் சக்கையை மெல்லத் தூவினால் நல்லது. அப்பினால் காய்ந்து படலமாகித் தண்ணீரை உள்ளே விடாது. காய்ப்பு முடிந்த செடியைத் தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விட்டேன், முடிச்சு விழுந்த வேரை மட்டும் தோண்டி எறிந்தேன். நூற்புழுவை அடக்க இடையிடையே செண்டுமல்லி. நூற்புழு ஒழிந்துவிடவில்லை. ஆனால் வெண்டை இப்போது என் தோள் உயரம்.

வீட்டு மட்குத் தொட்டிதான் படுத்தி எடுத்தது. மிஞ்சிய சோறு, புளித்த மாவு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சருகு போடாமல் விட்டேன். நான்காம் நாள் தாழ்வாரமே நாறியது. எதிர்வீட்டு மாக்சிக், அந்த மலாய் அம்மா, கதவைத் தட்டினார். அவர் கோபப்பட்டதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து சமைத்த உணவு போடுவதில்லை. ஒரு கிண்ணம் காய்கறித் தோலுக்கு இரண்டு கிண்ணம் சருகு. தொட்டியின் அடித்தட்டில் வடியும் நீரை அன்றைக்கே கொட்டிவிடுவேன், ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும்.

வேரோடு சேர்ந்து வாழ்ந்து செடிக்கு உதவும் வேர்ப்பூஞ்சையின் பொடியை வாங்கிச் சாய்சிம் கீரைக்கும் முள்ளங்கிக்கும் போட்டது வீண் செலவு. இரண்டும் கடுகுக் குடும்பம், அந்தக் குடும்பத்து வேர் அந்தப் பூஞ்சையோடு சேராது. கத்தரிக்குப் போட்டிருந்தால் அர்த்தம் உண்டு.

இன்று காலை சருகை விலக்கிப் பார்த்தேன். சின்னச் சின்ன இலைகளை வெள்ளை நூல் போலப் பூஞ்சை தைத்து வைத்திருந்தது. ஒரு மண்புழு வெளிச்சம் பட்டதும் சுருங்கி உள்ளே போனது. விரலில் மழை வாசனை. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள்தான் அந்த வாசனையை உண்டாக்குகின்றன. முதல் வருடம் இந்தப் பாத்தியில் அது இல்லவே இல்லை.

அடுத்து வருபவருக்காகப் பாத்தியைச் சருகோடு மூடியே விட்டுப் போகிறேன். இரண்டு கை மண் மட்டும் எடுத்து வந்து, தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டிருக்கிறேன்.